பேப் ரூத்

பேப் ரூத் என்று பரவலாக அறியப்பட்ட ஜார்ஜ் ஹெர்மன் ரூத் (பெப்ரவரி 6, 1895 - ஆகஸ்ட் 16, 1948) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த புகழ் பெற்ற அடிபந்தாட்ட (பேஸ்பால்) வீரர் ஆவார். இவர் தமது விளையாட்டு வாழ்வில் 714 ஹோம் ரன்கள் அடித்தார். பந்தை ஆடுகள எல்லைக்கு வெளியே அடித்து, நான்கு தளங்களையும் சுற்றி வருவது ஹோம் ரன் எனப்படும். ஆய்வுகூடத்தில் உடல்திறன் அளக்கப்பட்ட தொடக்ககால வீரர்களுள் இவரும் ஒருவர்.

வாழ்க்கைச் சுருக்கம்

ரூத், மேரிலாந்து மாநிலத்தின் பால்ட்டிமோர் நகரில் பிறந்தார். ஏழாம் அகவையில் புனித மேரி தொழிற்பள்ளியில் சேர்க்கப்பட்டார். அங்கு அருட்சகோதரர் மத்தாயஸ் இவருக்கு ஆட்டத்தில் பயிற்சி அளித்தார். 1914 இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியில் பந்து எறிபவராகச் சேர்ந்தார். 1920 முதல் நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக ஆடினார். 1927 இல் ஒரே பருவத்தில் 60 ஹோம் ரன்கள் அடித்தார். இச்சாதனையை 1961 இல் ராஜர் மாரிஸ் முறியடித்தார்.

மட்டை வீச்சு

அக்கால மட்டையாளர்கள் பலர் கைப்பிடியைச் சற்று மேலே பற்றி, பந்தை மெதுவாகத் தட்டி ஆடினர். ரூத் கைப்பிடியின் நுனியைப் பற்றி, உடல் முழுவதையும் சுழற்றி, மட்டையைச் சற்று மேல்நோக்கி வீசினார். இம்முறையை ஷூலெஸ் ஜோ ஜாக்சன் என்னும் வீரரின் ஆட்டத்தைக் கவனித்துக் கற்றதாக அவரே கூறியுள்ளார்.

இவ்வீச்சு ஏன் பயனளிக்கிறது என்பதை இயற்பியல் விளக்குகிறது. எறியப்படும் பந்து சற்றுக் கீழ்நோக்கியே மட்டையாளரை வந்தடைகிறது. எனவே சற்று மேல்நோக்கி வரும் மட்டை, பந்தின் பாதையில் கூடுதல் தொலைவு பொருந்திச் செல்கிறது. வீச்சின் நேரம் சிறிது பிழைத்தாலும் பந்து மட்டையில் படும்.

ஆனால் சிறந்த வீரரின் பழக்கங்கள் அனைத்தும் பின்பற்றத் தக்கவை அல்ல. ரூத் 1.1 கிலோகிராமுக்கும் கூடுதலான எடை கொண்ட மட்டைகளைப் பயன்படுத்தினார். மட்டையின் எடையை விட வீச்சின் வேகமே முதன்மையானது எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின. இன்றைய தொழில்முறை வீரர்களின் மட்டைகள் பொதுவாக 900 கிராம் அளவே உள்ளன.

கொலம்பியா பல்கலைக்கழகச் சோதனைகள்

1921 இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக உளவியலாளர்கள் ரூத்தின் பார்வை, கை உறுதி, மூச்சு, வீச்சின் விசை ஆகியவற்றை அளந்தனர். இவரது கண்கள் சராசரி மனிதரை விட 12 விழுக்காடு விரைவாகச் செயற்பட்டதாக அறிவிக்கப்பட்டது. வீசும்போது மூச்சை அடக்குவது இவரது குறையாகக் கூறப்பட்டது. இச்சோதனைகள் ரூத்தின் திறனை அளந்தனவே அன்றி, அவரது வீச்சைப் பிறர் கற்கும் வழியைக் காட்டவில்லை. 2006 இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் புஹோல்ஸ் என்ற வீரரிடம் இதுபோன்ற சோதனைகள் நடத்தப்பட்டன.

இறுதிக் காலம்

ரூத் 1935 இல் ஓய்வு பெற்றார். 1936 இல் அடிபந்தாட்டப் புகழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஐவருள் ஒருவரானார். புற்றுநோயால் நியூயார்க்கில் காலமானார். 714 என்ற இவரது எண்ணிக்கையை 1974 இல் ஹாங்க் ஏரன் கடந்தார்.