வினூ மன்கட்

வினூ மன்கட் என்று பரவலாக அறியப்படும் முல்வந்த்ராய் இம்மத்லால் மன்கட் (ஏப்ரல் 12, 1917 – ஆகஸ்ட் 21, 1978) இந்தியத் துடுப்பாட்ட வீரரும் இந்தியத் தேசிய அணியின் முன்னாள் தலைவரும் ஆவார். வலக்கைத் துடுப்பாளராகவும் இடக்கை மெதுவான சுழற்பந்து வீச்சாளராகவும் விளங்கிய இவர் 1946 முதல் 1959 வரை 44 டெஸ்ட் போட்டிகளில் விளையாடி 2109 ஓட்டங்களும் 162 விக்கெட்டுகளும் பெற்றார். இந்திய அணி தனது முதல் டெஸ்ட் வெற்றியை 1952 இல் சென்னையில் அடைவதற்கு இவரது பந்துவீச்சே முதன்மைக் காரணமாக அமைந்தது. கடைசி ஆண்டுகளில் ஆட்டத்திறன் குன்றிய நிலையில், 41ஆம் வயதில், அதே சென்னையில் அணித் தலைவராக இவர் திரும்ப அழைக்கப்பட்டதும் அடுத்த போட்டியிலேயே அப்பொறுப்பை இழந்ததும் இந்தியத் துடுப்பாட்ட வரலாற்றில் இன்றும் விவாதிக்கப்படும் நிகழ்வுகளாகும்.

இளமையும் தொடக்கக் காலமும்

மன்கட் இன்றைய குசராத் மாநிலத்தின் சாம்நகரில் பிறந்தார். ரஞ்சித்சிங்ஜியின் ஊரான அது அப்போது நவாநகர் சமத்தானத்தின் தலைநகராக இருந்தது. வினூ என்பது பள்ளிக் காலத்தில் ஏற்பட்ட செல்லப்பெயர். சசெக்ஸ் அணியின் ஆட்டக்காரரான பெர்ட் வென்சிலி நவாநகரில் பயிற்சியாளராக இருந்தபோது இவருடைய சுழற்பந்து வீச்சைச் செம்மைப்படுத்தினார். 1936–37 இல் ரஞ்சிக் கோப்பையை வென்ற நவாநகர் அணியில் மன்கட் இடம்பெற்றிருந்தார்.

1937–38 இல் டென்னிசன் பிரபுவின் தலைமையில் இங்கிலாந்து அணியொன்று இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தது. அதற்கு எதிரான அதிகாரபூர்வமற்ற டெஸ்ட் போட்டிகளில் இருபது வயதே ஆன மன்கட் துடுப்பாட்டச் சராசரியிலும் பந்துவீச்சுச் சராசரியிலும் இந்திய அணியில் முதலிடம் பெற்றார். எனினும் இரண்டாம் உலகப் போரினால் பன்னாட்டுப் போட்டிகள் நின்றுபோயின. முதல் டெஸ்ட் போட்டியை 1946 சூனில் இலார்ட்சில் ஆடியபோது அவருக்கு வயது 29. ஒரு சகலதுறை ஆட்டக்காரரின் சிறந்த ஆண்டுகள் எனக் கருதத்தக்க எட்டு ஆண்டுகள் இவ்வாறு கழிந்துவிட்டன. பிற்கால மதிப்பீடுகளில் இது பெரும்பாலும் மறக்கப்படுகிறது.

1946 சுற்றுப்பயணத்தில் முதல்தரப் போட்டிகளில் 1120 ஓட்டங்களும் 129 விக்கெட்டுகளும் எடுத்தார். இங்கிலாந்துச் சுற்றுப்பயணமொன்றில் ஆயிரம் ஓட்டங்கள், நூறு விக்கெட்டுகள் என்னும் இரட்டைச் சிறப்பை எட்டிய இந்தியர் வேறெவரும் இலர். 1947 இல் விசுடன் ஆண்டு நூல் தேர்ந்தெடுத்த ஐந்து சிறந்த வீரர்களுள் இவரும் ஒருவர். 1947–48 ஆத்திரேலியச் சுற்றுப்பயணத்தில் தொடக்கத் துடுப்பாளராக மெல்பர்னில் இரு சதங்கள் (116, 111) அடித்தார்.

சென்னையில் முதல் வெற்றி

1951–52 இல் இங்கிலாந்து அணி இந்தியா வந்தது. ஐந்து போட்டிகளில் மன்கட் 34 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இறுதிப் போட்டி 1952 பெப்ரவரி 6 அன்று சென்னை சேப்பாக்கத்தில் தொடங்கியது. முதல் நாளன்று ஆறாம் சியார்ச் மன்னர் இறந்த செய்தி வந்ததால் ஓய்வுநாள் முன்னதாக்கப்பட்டது. முதல் இன்னிங்சில் மன்கட் 55 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகளைக் கைப்பற்ற, இங்கிலாந்து 266 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. அவற்றுள் நான்கு, குச்சக்காப்பாளர் புரோபிர் சென் செய்த 'ஸ்டம்பிங்' முறை ஆட்டமிழப்புகள். பங்கஜ் ராயும் பாலி உம்ரிகரும் சதமடிக்க, இந்தியா 9 விக்கெட்டுகளுக்கு 457 எடுத்தது. இரண்டாம் இன்னிங்சில் மன்கட் மேலும் 4 விக்கெட்டுகள் வீழ்த்தினார். இன்னிங்சு மற்றும் 8 ஓட்டங்களால் இந்தியா வென்றது. 1932 இல் டெஸ்ட் ஆடத் தொடங்கிய நாட்டுக்கு இருபது ஆண்டுகள் காத்திருந்து கிடைத்த முதல் வெற்றி இது. போட்டியில் மன்கட்டின் பங்கு 108 ஓட்டங்களுக்கு 12 விக்கெட்டுகள்.

1952 இங்கிலாந்துத் தேர்வுச் சிக்கல்

இந்த வெற்றி நிகழ்ந்த அதே ஆண்டின் கோடையில் இந்திய அணி இங்கிலாந்து செல்லவிருந்தது. இலங்காசயர் லீக்கில் ஆடும் ஆசிலிங்டன் கழகம் அந்தக் கோடைக்கு மன்கட்டை ஊதியத்துடன் ஒப்பந்தம் செய்ய முன்வந்தது. அக்காலத்தில் நாட்டுக்காக ஆடுவதில் இந்திய வீரருக்குக் கிடைத்த பணம் மிகச் சொற்பம். குடும்பத்தைக் காக்க வேண்டிய 35 வயது ஆட்டக்காரருக்கு லீக் ஒப்பந்தம் எளிதில் விட்டுவிடக்கூடியதன்று. அணியில் தமக்கு இடம் உறுதி என்று வாரியம் முன்கூட்டியே தெரிவித்தால் ஒப்பந்தத்தைத் துறப்பதாக மன்கட் கேட்டுக்கொண்டார். எந்த வீரருக்கும் அவ்வாறு உறுதியளிக்க இயலாது என வாரியம் மறுத்தது. மன்கட் ஆசிலிங்டன் சென்றார்.

வாரியத்தின் நிலைப்பாடு கொள்கையளவில் தவறானதன்று. ஆயினும் முந்தைய தொடரில் 34 விக்கெட்டுகள் எடுத்தவரை அக்கொள்கைக்காக இழந்தது, நடைமுறையில் இந்திய அணிக்குப் பேரிழப்பாயிற்று. லீட்சில் நடந்த முதல் டெஸ்டின் இரண்டாம் இன்னிங்சில் ஓட்டமேதும் எடுக்காமலேயே இந்தியா நான்கு விக்கெட்டுகளை இழந்தது. அதன் பின்னர் அதே வாரியம் கழகத்துடன் பேசி எஞ்சிய மூன்று டெஸ்டுகளுக்கு மன்கட்டை விடுவித்துப் பெற்றது.

லீக் ஆட்டங்களிலிருந்து நேராக இலார்ட்சு வந்த மன்கட் முதல் இன்னிங்சில் 72 ஓட்டங்கள் எடுத்தார். பின்னர் 73 ஓவர்கள் வீசி 196 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளைப் பெற்றார். களைப்பாற நேரமின்றி மீண்டும் தொடக்கத் துடுப்பாளராக இறங்கி 184 ஓட்டங்கள் குவித்தார். டெஸ்ட் போட்டிகளில் அதுவரை இந்தியர் ஒருவர் எடுத்திருந்த மிகக் கூடுதலான ஓட்டங்கள் அவையே. இங்கிலாந்தின் இரண்டாம் இன்னிங்சில் மேலும் 24 ஓவர்கள் வீசினார். இந்தியா 8 விக்கெட்டுகளால் தோற்றபோதிலும் அப்போட்டி மன்கட்டின் பெயராலேயே நினைவுகூரப்படுகிறது. இலார்ட்சு அரங்கின் துடுப்பாட்டப் பெயர்ப்பலகை, பந்துவீச்சுப் பெயர்ப்பலகை இரண்டிலும் இடம்பெற்ற வெகு சிலருள் இவரும் ஒருவர்.

உச்சமும் தலைமைப் பொறுப்பும்

1952 அக்டோபரில் தில்லியில் நடந்த முதல் இந்திய–பாக்கித்தான் டெஸ்டில் 131 ஓட்டங்களுக்கு 13 விக்கெட்டுகளை (8/52, 5/79) வீழ்த்தினார். அடுத்து இலக்னோவில் இவர் ஆடவில்லை. இந்தியா இன்னிங்சு தோல்வி அடைந்தது. மும்பையில் திரும்பிவந்தபோது, தமது 23ஆவது டெஸ்டில், 1000 ஓட்டங்கள், 100 விக்கெட்டுகள் என்னும் எல்லையைக் கடந்தார். இவ்வளவு விரைவாக அதனை எட்டியவர் என்ற சாதனை 1979 இல் இங்கிலாந்தின் இயன் போத்தம் 21 டெஸ்டுகளில் எட்டும்வரை நீடித்தது.

1953 இல் சமைக்காவின் கிங்சுடனில் மேற்கிந்தியத் தீவுகள் 576 ஓட்டங்கள் எடுத்த இன்னிங்சில் மன்கட் 82 ஓவர்கள் வீசினார். பத்து விக்கெட்டுகளை அவரும் இளைஞரான சுபாசு குப்தேயும் ஐந்து ஐந்தாகப் பகிர்ந்துகொண்டனர். ஆனால் மன்கட் கொடுத்த ஓட்டங்கள் 228, குப்தே கொடுத்தவை 180. அணியின் தலையாய சுழற்பந்து வீச்சாளர் என்னும் இடம் இக்காலந்தொட்டு மெல்லக் குப்தேயிடம் சென்றது.

1954–55 இல் பாக்கித்தான் சென்ற அணிக்கு மன்கட் தலைமையேற்றார். ஐந்து போட்டிகளும் வெற்றிதோல்வியின்றி முடிந்தன. தோல்வியைத் தவிர்ப்பதே இரு அணிகளின் நோக்கமாக இருந்த அத்தொடர் எவரையும் மகிழ்விக்கவில்லை. அடுத்த ஆண்டு நியூசிலாந்துக்கு எதிராகத் தலைமைப் பொறுப்பு முதலில் குலாம் அகமதுவுக்கும் பின்னர் பாலி உம்ரிகருக்கும் வழங்கப்பட்டது.

தலைமையை இழந்த 38 வயது மன்கட் துடுப்பால் விடையளித்தார் எனலாம். மும்பையில் 223 ஓட்டங்கள் எடுத்து, அத்தொடரிலேயே உம்ரிகர் ஏற்படுத்தியிருந்த இந்தியச் சாதனையைச் சமன் செய்தார். 1956 சனவரியில் சென்னை மாநகராட்சி விளையாட்டரங்கில் (பின்னாளைய நேரு விளையாட்டரங்கு) 231 ஓட்டங்கள் அடித்து அதனைக் கடந்தார். முதல் விக்கெட்டுக்கு அவரும் பங்கஜ் ராயும் (173) சேர்த்த 413 ஓட்டங்கள், தென்னாப்பிரிக்காவின் கிரேம் சிமித்தும் நீல் மெக்கன்சியும் 2008 இல் சிட்டகாங்கில் 415 எடுக்கும்வரை, 52 ஆண்டுகள் உலக சாதனையாக நின்றன. 231 என்ற தனிநபர் சாதனையை 1983 இல் சுனில் காவசுகர் முறியடித்ததும் சென்னையிலேதான். அத்தொடரில் மன்கட் நான்கு போட்டிகளில் 526 ஓட்டங்கள் எடுத்தார், சராசரி 105.20.

சரிவும் 1958–59 சர்ச்சையும்

அந்த 231 தான் மன்கட்டின் ஐந்தாவதும் கடைசியுமான டெஸ்ட் சதம். அதற்குப் பின் அவர் ஆடிய ஐந்து டெஸ்டுகளில் பழைய மன்கட்டைக் காண இயலவில்லை. 1956 இறுதியில் ஆத்திரேலியாவுக்கு எதிரான மூன்று போட்டிகளிலும் துடுப்பாட்டத்தில் அவர் சோபிக்கவில்லை. தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் இந்தியாவுக்கு டெஸ்ட் போட்டிகளே இல்லை. நாற்பதைக் கடந்த ஓர் ஆட்டக்காரருக்கு இவ்விடைவெளி நலம் பயப்பதன்று.

1958–59 இல் மேற்கிந்தியத் தீவுகள் அணி வந்தபோது முதல் மூன்று போட்டிகளில் மன்கட் சேர்க்கப்படவில்லை. முதல் போட்டியில் உம்ரிகரும், அடுத்த இரண்டில் குலாம் அகமதுவும் தலைவராக இருந்தனர். கல்கத்தாவில் ரோகன் கன்காய் 256 ஓட்டங்கள் குவிக்க, இந்தியா இன்னிங்சு மற்றும் 336 ஓட்டங்களால் தோற்றது. குலாம் அகமது ஓய்வு பெற்றார். சென்னைப் போட்டிக்கு உம்ரிகர் மீண்டும் தலைவரானார். ஆனால் அணியில் யாரைச் சேர்ப்பது என்பதில் எழுந்த கருத்து வேறுபாட்டால் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னரே பதவி விலகினார். அந்நிலையில்தான் 41 வயது மன்கட் தலைவராக்கப்பட்டார்.

தொடர் முழுவதற்கும் தகுதியற்றவராகக் கருதப்பட்ட ஒருவர், நெருக்கடி நேர்ந்தபோது அணியை நடத்தத் தகுதியுடையவராகக் கருதப்பட்டார் என்பதே இதிலுள்ள முரண். சென்னையில் இந்தியா 295 ஓட்டங்களால் தோற்றது. அடுத்துத் தில்லியில் தலைமை ஏமு அதிகாரியிடம் அளிக்கப்பட்டது. மன்கட் அவருக்குக் கீழ் சாதாரண ஆட்டக்காரராக ஆடினார். மேற்கிந்தியத் தீவுகள் 8 விக்கெட்டுகளுக்கு 644 ஓட்டங்கள் குவித்த அப்போட்டி வெற்றிதோல்வியின்றி முடிந்தது. ஒரே தொடரில் ஐந்து போட்டிகளுக்கு நான்கு தலைவர்கள் என்பது தேர்வாளர்களின் தடுமாற்றத்தைக் காட்டுவதாகப் பரவலாகக் கண்டிக்கப்பட்டது. மூத்தவரைத் திரும்ப அழைத்ததைக் குறை கூறியோர் உண்டு. எனினும் மூன்று போட்டிகளாக வெளியே இருந்தவரிடம் சிதறிப்போன அணியை ஒப்படைத்தபின் தோல்விக்கு அவரைப் பொறுப்பாக்குவது முறையாகாது.

தில்லிப் போட்டியே மன்கட்டின் கடைசி டெஸ்ட் ஆயிற்று. 1959 இல் த. கி. கேக்வாட் தலைமையில் இங்கிலாந்து சென்ற அணியில் அவர் இல்லை. அவ்வணி ஐந்து டெஸ்டுகளிலும் தோற்றது. தலைவராக ஆறு டெஸ்டுகளை ஆடிய மன்கட் ஒன்றில்கூட வெற்றி காணவில்லை. டெஸ்ட் துடுப்பாட்டத்தில் முதல் இடத்திலிருந்து பதினோராம் இடம் வரை எல்லா இடங்களிலும் ஆடிய மிகச் சிலருள் அவர் ஒருவர் என்பது, அணி அவரை எவ்வாறெல்லாம் பயன்படுத்தியது என்பதற்குச் சான்றாகும்.

பெயரால் ஆகிய ஆட்டமிழப்பு

1947 திசம்பரில் சிட்னியில் நடந்த டெஸ்டில், பந்து வீசப்படுமுன் எல்லைக்கோட்டை விட்டு வெளியேறிய மறுமுனைத் துடுப்பாளர் பில் பிரவுனை மன்கட் 'ரன் அவுட்' செய்தார். அதே பயணத்தில் முன்னர் நடந்த ஓர் ஆட்டத்திலும் பிரவுனை எச்சரித்தபின் இவ்வாறே ஆட்டமிழக்கச் செய்திருந்தார். ஆத்திரேலிய இதழ்கள் சில கண்டித்தபோதும், எதிரணித் தலைவர் டொனால்ட் பிராட்மன் தம் தன்வரலாற்றில் மன்கட்டின் செயல் விதிப்படி சரியே என்று ஆதரித்தார். ஆயினும் இம்முறை 'மன்கட்' என்றே பெயர் பெற்று, இழிவான பொருளிலும் வழங்கலாயிற்று. அப்பெயரைக் கைவிட வேண்டுமெனக் காவசுகர் உள்ளிட்டோர் வலியுறுத்தினர். 2019 ஐபிஎல் போட்டியில் தமிழகத்தின் இரவிச்சந்திரன் அசுவின், யோசு பட்லரை இவ்வாறு ஆட்டமிழக்கச் செய்தபோது விவாதம் மீண்டும் எழுந்தது. 2022 அக்டோபர் முதல் இவ்விதி, முறையற்ற ஆட்டம் பற்றிய பிரிவிலிருந்து 'ரன் அவுட்' பிரிவுக்கு மாற்றப்பட்டது.

பிற்காலமும் சிறப்புகளும்

மன்கட் முதல்தரப் போட்டிகளில் மும்பை, வங்காளம், குசராத், இராசத்தான் உட்படப் பல அணிகளுக்கு ஆடினார். பின்னர் இளைஞர்களுக்குப் பயிற்சியளித்தார். அவருடைய மகன் அசோக் மன்கட் (1946–2008) இந்தியாவுக்காக 22 டெஸ்டுகளில் ஆடினார்.

1973 இல் மன்கட்டுக்குப் பத்ம பூசண் விருது வழங்கப்பட்டது. 1978 ஆகஸ்ட் 21 அன்று மும்பையில் காலமானார். 19 வயதுக்குட்பட்டோருக்கான இந்திய உள்நாட்டுப் போட்டி அவர் பெயரால் வினூ மன்கட் கோப்பை என வழங்குகிறது. 2021 இல் பன்னாட்டுத் துடுப்பாட்ட அவையின் புகழ்பெற்றோர் வரிசையில் அவர் சேர்க்கப்பட்டார்.