ஜோகிச்சி தகாமினே (1854 – 1922)

குளவி கொட்டியதாலோ நிலக்கடலை உண்டதாலோ சிலருக்குச் சில நிமிடங்களிலேயே தொண்டை வீங்கி, மூச்சு முட்டி, குருதியமுக்கம் சடுதியாக வீழ்ந்துவிடும். இக்கடும் ஒவ்வாமைக்கு வைத்தியர் முதலில் ஏற்றும் மருந்து அதிரீனலின். நீங்கள் ஓமோன் பாடத்தில் படிக்கும் அதே பதார்த்தந்தான். இதைத் தூய பளிங்காகப் பெற்ற ஆய்வுகூடத்தின் தலைவர் தகாமினே ஆவார்.

இவர் யப்பானின் தகஓகா நகரில் வைத்தியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். தோக்கியோவிலும் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவிலும் இரசாயனவியல் கற்றார். 1890 இல் மனைவி கரோலினுடன் அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்தார். அரிசி மதுவுக்குப் பயன்படும் பூஞ்சணத்திலிருந்து மாப்பொருளைச் சமிக்கச் செய்யும் நொதியமொன்றைப் பெற்று, 1894 இல் காப்புரிமையும் பெற்றார்.

அக்காலத்தில் அதிரீனற் சுரப்பியின் சாறு குருதிக்கலன்களைச் சுருக்கும் என்பது தெரிந்திருந்தது. எனினும் அச்சாறு விரைவில் பழுதடைந்தது. 1897 இல் ஜோன் ஏபெல் எபிநெப்ரின் எனப் பெயரிட்டுப் பிரித்த பொருளும் தூயதன்று. 1900 ஆம் ஆண்டு கோடையில், தகாமினேயின் நியூயோர்க் ஆய்வுகூடத்தில், விலங்குச் சுரப்பிகளிலிருந்து பளிங்கு கிடைத்தது. அதைக் கையால் செய்து முடித்தவர் இளம் உதவியாளர் கெய்சோ உவெனகா. காப்புரிமையோ தகாமினேயின் பெயரில் மட்டுமே எழுதப்பட்டது. உவெனகாவின் ஆய்வுக் குறிப்பேடு யப்பானில் இன்றும் உள்ளது. விடை எழுதும்போது அவரையும் குறிப்பிடுவதே நீதி. அதிரீனலின், எபிநெப்ரின் என்னும் இரு பெயர்களும் ஒரே மருந்தையே குறிக்கும். குழம்ப வேண்டாம்.

தகாமினே ஒவ்வாமைக்கு மருந்து தேடவில்லை. சத்திரசிகிச்சையில் குருதிப்பெருக்கை நிறுத்தவே அது முதலில் பெரிதும் பயன்பட்டது. கடும் ஒவ்வாமைக்கு "அனபிலக்சிஸ்" என்னும் பெயரே 1902 இல்தான், பிரான்சில் ரிஷேயும் போர்ட்டியேயும் செய்த ஆய்வுகளின் பின் வந்தது.

இம்மருந்து விரிந்த குருதிக்கலன்களைச் சுருக்கி அமுக்கத்தை உயர்த்தும், சுவாசக்குழாய்களைத் தளர்த்தும், வீக்கத்தைக் குறைக்கும். தொடையின் வெளிப்புறத் தசையில், தாமதமின்றி ஏற்றப்படும். வளர்ந்தவருக்கு வழமையான அளவு 0.5 மில்லிகிராம், குணமில்லையேல் 5 நிமிடத்தின் பின் மீண்டும் ஏற்றலாம். அரிப்புக்குக் கொடுக்கும் அந்திகிஸ்தமின் மாத்திரை இதற்கு ஈடாகாது. அம்மாத்திரையை விழுங்கிவிட்டுப் பார்த்திருப்பதாலேயே பலருக்கு ஊசி பிந்துகிறது.