தென்னங்கரையின் ஏட்டாசிரியர் சைமன் காசிச்செட்டி

கொழும்பிலிருந்து வடக்கே செல்லும் பெருவீதி நீர்கொழும்பைக் கடந்து, மகாஓயாவின் பாலத்தைத் தாண்டியதும் புத்தளம் மாவட்டத்துள் நுழைகின்றது. வென்னப்புவை, மாரவிலை, மாதம்பை, சிலாபம் என ஊர்கள் அடுத்தடுத்து வரும் அவ்வழியின் இருமருங்கிலும் தென்னையே ஆட்சி செலுத்துகின்றது. கடற்கரை விடுதிகளை நாடி வரும் வெளியூரார் அங்கே முதலில் கேட்பது, நல்ல மது எங்கே கிடைக்கும் என்பதே. விடுதிகளில் பியர் உண்டு. ஆயின் அது இக்கரையில் பிறந்ததன்று. அதனை வடிக்கும் பெரிய ஆலை கம்பகா மாவட்டத்துப் பியகமையில் உள்ளது. இக்கரைக்கே உரிய மது தென்னங்கள்ளும் அதிலிருந்து வடித்தெடுக்கும் சாராயமுமேயாம். அவற்றை விற்குமிடத்தைத் தவறணை என்பர். போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொற்களுள் அதுவும் ஒன்று.

இந்தக் கரையை அதன் தவறணைகளால் மட்டும் அறிந்து திரும்புவோர் பலர். ஆனால் இலங்கையின் ஊர்களையும் துறைகளையும் ஆறுகளையும் அகரவரிசைப்படுத்தி, வழிச்செல்வோருக்கும் ஆள்வோருக்கும் கையேடாக முதன்முதல் வழங்கியவர் இக்கரையிலேதான் பிறந்தார். தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் தொகுத்து அச்சேற்றிய முன்னோடிகளுள் ஒருவரும் அவரே. சைமன் காசிச்செட்டி என்னும் அப்பெரியாரின் வாழ்வை அறியாமல் இக்கரையை அறிந்தோம் என்று கூறுவது பொருந்தாது.

காசிச்செட்டி 1807ஆம் ஆண்டு மார்ச் மாதம் 21ஆம் நாள் கற்பிட்டியிற் பிறந்தார். புத்தளம் வாவிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணல் நிலத்தின் வடபுறத்தில் அமைந்த துறைப்பட்டினம் அது. ஒல்லாந்தர் பதினேழாம் நூற்றாண்டில் கட்டிய கோட்டை இன்றும் அங்கே நிற்கின்றது. அவர் பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்னரே ஒல்லாந்தர் ஆட்சி நீங்கி ஆங்கிலேயர் ஆட்சி வந்துவிட்டது. கிறிஸ்தவச் செட்டிமார் குடும்பத்துப் பிள்ளையாகிய அவர் வளர்ந்த சூழலிற் சைவரும் முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் அருகருகே வாழ்ந்தனர். தமிழும் சிங்களமும் ஒரே சந்தையில் ஒலித்தன. இன்று சிங்களமே பேசப்படும் கரையூர்கள் பலவற்றில் அக்காலத்தில் தமிழும் வழங்கிற்று. பிற்காலத்தில் அவர் ஆங்கிலத்தோடு வடமொழி, ஒல்லாந்தம், போர்த்துக்கேயம், இலத்தீன், எபிரேயம் முதலிய மொழிகளையும் பயின்ற பன்மொழிப் புலவர் எனப் போற்றப்பட்டமைக்குத் துறைப்பட்டினத்து வாழ்வே வித்திட்டது எனலாம்.

இருபது வயதை எட்டுமுன்னரே அரசாங்க ஊழியத்திற் புகுந்த காசிச்செட்டி, புத்தளப் பகுதியின் மணியகாரராகவும் பின்னர் முதலியாராகவும் உயர்ந்தார். மணியகாரர் பதவி மேசைக்கு முன்னிருந்து எழுதும் உத்தியோகம் மட்டுமன்று. நிலவரி, உப்பளம், மீன்துறை, வழக்கு, வழிபாடு என ஊரின் எல்லாக் காரியங்களும் மணியகாரர் வாயிலைத் தட்டும். அவ்வாறு தம்மிடம் வந்த செய்திகளை அவர் கடமை முடிந்ததும் மறந்துவிடவில்லை, குறித்துவைத்தார். அக்குறிப்புகளின் கனியே 1834ஆம் ஆண்டு கோட்டையிலுள்ள திருச்சபை மிஷன் அச்சகத்தில் ஆங்கிலத்தில் வெளிவந்த இலங்கை அகராதி நூல். இலங்கையின் மாவட்டங்கள், பட்டினங்கள், முதன்மையான கிராமங்கள், துறைமுகங்கள், ஆறுகள், குளங்கள் ஆகியவற்றை வரிசைப்படுத்தி விளக்கிய அந்நூலை எழுதி முடித்தபோது அவருக்கு வயது இருபத்தேழே.

அந்நூல் தோன்றிய காலத்தில் இக்கரையின் வாழ்வு எத்தகையது என்பதை உணர, தென்னையின் பாளையிலிருந்தே தொடங்குதல் வேண்டும். விரியாத பாளையைக் கட்டி, மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவிவிட்டால் இனிய நீர் சொட்டும். அதனை ஏந்த முட்டியைக் கட்டுவர். முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசினால் அந்நீர் புளியாது இனிப்பாகவே இருக்கும்; அதனைக் காய்ச்சிப் பாணியும் கருப்பட்டியும் செய்வர். சுண்ணாம்பு இல்லையேல் காற்றிலும் முட்டியிலும் உள்ள நுண்ணுயிர்கள் சில மணி நேரத்துக்குள் அதனைக் கள்ளாக்கிவிடும். அப்பத்துக்கு மாப் புளிக்கச் செய்வதும் அக்கள்ளே. மேலும் புளித்தால் அடுக்களைக்கு வினாகிரியாவதும் அதுவே. இலங்கையின் மேற்குக் கரையில் மரத்துக்கு மரம் கட்டிய கயிறுகளின் மீது, நிலத்தில் இறங்காமலே நடந்து தொழில் புரியும் சீவற்றொழிலாளரின் துணிவு வியக்கத்தக்கது. ஒரு கயிறு காலுக்கு; மற்றொன்று கைக்கு. தவறினால் உயிருக்கு ஆபத்து.

கள் ஒரு நாளுக்கு மேல் நல்ல நிலையில் நில்லாது. ஆகவே அது பிறந்த ஊரிலேயே அருந்தப்பட வேண்டிய பொருள், ஏழையின் பொருள். சாராயமோ அவ்வாறன்று. கள்ளை வடிசாலையிற் காய்ச்சி வடித்து மரப்பீப்பாய்களில் இட்டால் ஆண்டுக்கணக்கில் நிற்கும், படகேறிச் செல்லும், கடல் கடந்து இந்தியத் துறைகளையும் அடையும். நிலைத்து நிற்பதும் தொலைவு செல்வதும் எதுவோ அதன் மீதுதான் அரசாங்கத்தின் கண் விழும். ஒல்லாந்தர் காலத்திலும் அவருக்குப் பின் ஆங்கிலேயர் காலத்திலும் சாராயம் விற்கும் உரிமை பகுதி பகுதியாக ஏலத்தில் விடப்பட்டது. அதிக விலை கேட்டவர் குத்தகைக்காரராவார். அவர் உரிமையைச் சிறு குத்தகைக்காரருக்குப் பங்கிட்டுக் கொடுப்பார். முன்கூட்டி அரசாங்கத்துக்கு வாக்களித்த பணத்தை மீட்பதற்கு அவருக்கிருந்த வழி ஒன்றே: மேலும் பலர் குடிக்க வேண்டும், மேலும் அதிகம் குடிக்க வேண்டும். இவ்வாறு தவறணை ஊரின் பொழுதுபோக்கிடமாக மட்டும் இராமல், அரசாங்கத்தின் வரிவாயிலும் ஆயிற்று.

சாராயக் குத்தகையாற் செல்வந்தரான குடும்பங்கள் பல. மேற்குக் கரையின் புதிய செல்வர்கள் பின்னாளிற் கோப்பித் தோட்டங்களையும் தென்னந்தோட்டங்களையும் வாங்குவதற்கு வேண்டிய முதலின் பெரும்பகுதி குத்தகையிலிருந்தே வந்தது என்பதை இலங்கையின் பொருளாதார வரலாற்றை ஆராய்ந்தோர் எடுத்துக்காட்டியுள்ளனர். மரமேறியவன் மரத்தடியிலேயே நிற்க, ஏலம் எடுத்தவன் மாளிகை கட்டினான். இது ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது.

காசிச்செட்டியின் வாழ்வும் இவ்வரலாற்றும் 1838ஆம் ஆண்டில் ஒரே மண்டபத்தில் வந்து சேர்ந்தன. 1833ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற சட்டநிரூபண சபையில், தமிழரின் பிரதிநிதியாக முதலில் அமர்ந்த குமாரசுவாமி முதலியார் 1836இல் மறைந்தார். அவ்விடத்துக்கு 1838இல் நியமனம் பெற்றவர் காசிச்செட்டி. 1845 வரை அவர் அச்சபையில் இருந்தார். சாராயம், கள் ஆகியவற்றை வடித்தல், விற்றல், ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்குக் கொண்டுசெல்லல் என்பனவற்றை ஒழுங்குபடுத்திய 1844ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது அக்காலத்திலேயேதான். தாம் பிறந்த கரையின் மரங்களிலிருந்து இறங்கும் நீர் அரசாங்கக் கணக்கேட்டில் எண்ணாக மாறுவதை நேரே காணும் வாய்ப்புப் பெற்ற கரையூர்த் தமிழர் அவர். அச்சபையில் உத்தியோகஸ்தரல்லாதார் தொகை சிறிது. ஆளுநரின் விருப்பத்துக்கு மாறாக எதனையும் நிறைவேற்றும் வலிமை அவர்களுக்கு இல்லை. அவர் அரசாங்கத்தின் ஊழியராய் வாழ்ந்தவர். குடிக்கு எதிராகக் கொடி தூக்கிய சீர்திருத்தக்காரர் அல்லர். இதனை மறைத்து அவரைப் புகழ்வது நேர்மையாகாது.

ஆயின் அரசாங்கம் கணக்கெடுக்காதவற்றையும் அவர் கணக்கெடுத்தார். வரி கொடுக்கும் கையை மட்டும் ஆள்வோர் கண்டபோது, அக்கைக்குரியவன் எக்குலத்தான், எவ்வழக்கத்தான், எத்தெய்வத்தைத் தொழுவோன், எங்கிருந்து வந்தவன் என்று கேட்டறிந்து எழுதினார். கடலோடிகளாகிய பரதவரின் தோற்ற வரலாறு பற்றி அவர் வரைந்த கட்டுரை 1837இல் இலண்டனிலுள்ள ஆசியக் கழகத்தின் ஏட்டில் வெளியாயிற்று. 1841இல் உதயாதித்தன் என்னும் தமிழ்த் திங்களிதழையும் தொடங்கினார். யாழ்ப்பாணத்தில் உதயதாரகை தோன்றியதும் அதே ஆண்டிலேயாகும்.

சட்டநிரூபண சபையை விட்டு நீங்கியபின் அவர் சிவில் சேவையில் இடம்பெற்றார். அப்பெருமையை முதலிற் பெற்ற இலங்கையருள் அவரும் ஒருவர். பின்னர்ச் சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாக அமர்ந்தார். தென்னை மிகுந்த ஊர்களின் நீதிமன்றம் எத்தகையது என்பதை அவ்வூரார் அறிவர். தந்தை விட்டுச் சென்ற தோட்டத்தின் சிறு பங்குக்கும், வேலிக்கப்பால் சாய்ந்து நிற்கும் ஒற்றை மரத்தின் பலனுக்கும் உடன்பிறந்தோர் ஆண்டுக்கணக்கில் வழக்காடுவர். பகலில் வழக்கு, இரவில் விளக்கு. அவ்விளக்கொளியிலே அவர் செய்த பணியே அவரைத் தமிழர் நெஞ்சில் நிலைநிறுத்தியது.

1859ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் அவருடைய தமிழ்ப் புளூட்டாக் என்னும் நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. கிரேக்க, உரோமப் பெருமக்களின் வாழ்க்கைகளை எழுதிய புளூட்டாக்கின் பெயரைத் தம் நூலுக்குச் சூட்டி, தமிழ்ப் புலவர் ஏறத்தாழ இருநூற்றுவர் வரலாற்றை அவர் தொகுத்தார். தென்னாட்டுப் புலவரோடு ஈழத்துப் புலவரையும் ஒரே வரிசையில் வைத்தார். ஆணல்டு சதாசிவம்பிள்ளையின் பாவலர் சரித்திர தீபகம் வெளிவந்தது 1886இல்; அதற்கு இருபத்தேழு ஆண்டுகள் முந்தியது இந்நூல். செவிவழிக் கதைகள் பல அதிற் கலந்துள்ளன என்று பிற்கால ஆராய்ச்சியாளர் குறை காண்பர். அக்குறை உண்மையே. ஆனால் அவர் எழுதிய நாளில் சங்க நூல்கள் ஏட்டுச் சுவடிகளில் உறங்கின. புறநானூறு உ. வே. சாமிநாதையரால் அச்சேறியது 1894இல். அதியமானோடு கள்ளைப் பகிர்ந்துண்ட ஔவையை, கள் சிறிதாயின் தமக்கே தந்துவிடும் அவ்வள்ளலின் மறைவுக்கு வருந்திய ஔவையை, காசிச்செட்டியின் தலைமுறை அச்சிற் கண்டதில்லை. அவர்கள் நன்கறிந்தது திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்தையே. பகிர்ந்துண்ணும் கள்ளைப் பாடிய மரபும், அறிவழிக்கும் கள்ளைக் கடிந்த மரபும் ஆகிய இரண்டும் நம்முடையவையே. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வது எளிது. இரண்டையும் ஏட்டில் வைத்திருப்பதே வரலாறு.

1860ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 5ஆம் நாள், ஐம்பத்து மூன்றாம் வயதிற் காசிச்செட்டி காலமானார். தமிழரின் குலங்கள், வழக்கங்கள், இலக்கியம் பற்றி அவர் எழுதிவைத்தது 1934இலேதான் நூலாயிற்று. தமிழ்ப் புளூட்டாக் 1946இல் தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரின் குறிப்புகளுடன் மீண்டும் அச்சேறியது. மதுச் சட்டமோ வேறு வழியிற் சென்றது. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் பழைய முறையை மாற்றிக் கள்ளுக்கெனத் தனித் தவறணைகளைப் பரப்ப முற்பட்டபோது, நாடெங்கும் மக்கள் கூடி எதிர்த்தனர். அம்மதுவிலக்கு இயக்கமே பின்னாளில் தேசிய இயக்கத் தலைவர்கள் சிலரை நாட்டுக்கு அறிமுகஞ் செய்தது. தவறணையின் வாயிலிலிருந்து அரசியல் விழிப்புப் பிறந்தது என்பது வியப்பேயாயினும் உண்மை.

இன்று மாரவிலையிலும் கற்பிட்டியிலும் விடுதிகள் பெருகியுள்ளன. ஒரு நாளுக்குமேல் நில்லாத கள்ளும் போத்தலில் அடைபட்டுக் கடல் கடந்து செல்கின்றது. அங்கே செல்வோர் கள்ளைச் சுவைப்பின், மரத்தின் மீது கயிற்றில் நடந்தவனையும் ஒரு கணம் நினைப்பாராக. கற்பிட்டிக் கோட்டையின் நிழலில் நிற்பின், அவ்வூர்ப் பிள்ளை ஒருவர் நாட்டின் ஊர்களையெல்லாம் ஒரு நூலிலும், மொழியின் புலவர்களையெல்லாம் மற்றொரு நூலிலும் அடக்கியதை நினைப்பாராக. சாராயக் குத்தகையால் அரசாங்கம் ஈட்டிய பொருள் செலவாகிவிட்டது, அம்மாளிகைகளும் கைமாறின. ஊரார் வாய்மொழியைச் செவிமடுத்து அவர் எழுதிய ஏடுகளோ இன்றும் நம் கையில் இருக்கின்றன. நம் பள்ளிக்கூட மாணவர் தத்தம் ஊரின் தொழிலையும் வழக்கையும் முதியோரிடம் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்குவாராயின், அதுவே காசிச்செட்டிக்கு நாம் செலுத்தும் தகுந்த நன்றிக்கடன் ஆகும்.