பரிசை இழந்து பண்பில் உயர்ந்தவர்

புனித ஹஜ்ஜுக்காகவும் உம்ராவுக்காகவும், வளைகுடா நாடுகளில் பிழைப்புத் தேடியும் நம் குடும்பங்களிலிருந்து ஆகாய விமானம் ஏறிச் செல்வோர் பலர். கொட்டாம்பட்டியில் இருப்பவருக்குத் தெற்கே மதுரையிலும் வடக்கே திருச்சியிலும் விமான நிலையங்கள் உள்ளன. ஏறி அமர்ந்தால் ஒரே நாளில் கடல் கடந்துவிடுகிறோம். ஆனால், தன்னந்தனியே வானில் ஏறி இவ்வழியைத் திறந்துவிட்ட முன்னோடிகளை நாம் நினைத்துப் பார்க்கிறோமா? அவர்களுள் ஒருவர்தாம் ஜே. ஆர். டி. டாட்டா. அவர் பார்ஸி சமயத்தவர். எனினும் நற்குணம் எவரிடம் காணப்பட்டாலும் அதைப் போற்றுவது பண்புடையோர் கடமையன்றோ?

அவர் 1904 ஜூலை 29 அன்று பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை இந்தியர், தாய் பிரெஞ்சுப் பெண்மணி. விமானத்தில் ஆங்கிலக் கால்வாயை 1909-இல் கடந்து புகழ்பெற்ற பிளேரியோவின் கடற்கரை இல்லம், இவர்கள் கோடைகாலத்தில் தங்கிய வீட்டிற்கு அருகில் இருந்தது. அங்கு விமானங்களைக் கண்ட சிறுவனின் உள்ளத்தில் பறக்கும் ஆசை வேரூன்றியது.

பம்பாயில் விமானப் பயிற்சிக் கழகம் தொடங்கப்பட்டபோது அவருக்கு வயது இருபத்து நான்கு. ஆசிரியர் உடனிருக்க அவர் பயின்றது நான்கு மணி நேரத்திற்கும் குறைவே. அதன்பின் தனியே பறக்க அனுமதிக்கப்பட்டார். முன்னிருக்கையில் ஆசிரியர் இல்லை. தவறினால் திருத்த ஒருவருமில்லை. ஏறியவர் தாமே இறங்கியாக வேண்டும். அந்தச் சோதனையில் அவர் தேறினார். 1929 பிப்ரவரி 10 அன்று அவர் பெற்ற விமானி உரிமத்தின் எண் 1. இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் உரிமம் அதுவே.

அச்சமயம் இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவர் மூன்றாம் ஆகா கான் ஒரு போட்டியை அறிவித்தார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே குறித்த காலத்திற்குள் தனியே விமானம் ஓட்டி முடிக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு! 1930 மே மாதம் டாட்டா கராச்சியிலிருந்து இங்கிலாந்தை நோக்கிப் புறப்பட்டார். பதினேழே வயதான ஆஸ்பி இன்ஜினியர் இங்கிலாந்திலிருந்து கராச்சியை நோக்கி வந்துகொண்டிருந்தார். இருவர் ஓட்டியதும் ஒற்றை எஞ்சின் கொண்ட சிறிய ஜிப்ஸி மாத் விமானங்கள். மேலே கூரையில்லை, வானொலித் தொடர்பும் இல்லை. வரைபடமும் திசைகாட்டியுமே துணை.

எகிப்தில், அலெக்சாண்டிரியாவை அடுத்த அபூகீர் விமானத் தளத்தில் டாட்டா இறங்கினார். அங்கே ஆஸ்பி கவலையுடன் நின்றிருந்தார். எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்குகள் பழுதாகிவிட்டன. மாற்றுப் பிளக்குகள் அவரிடம் இல்லை. அவை வந்து சேரும்வரை அவர் அங்கேயே காத்திருக்க நேர்ந்தது.

வாசகர்களே, அந்த நிலையில் நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? போட்டியாளர் தடைபட்டு நிற்கிறார். டாட்டா அவருக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை. நலம் விசாரித்துவிட்டுப் புறப்பட்டிருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவரோ தம்மிடம் உபரியாக இருந்த பிளக்குகளை எடுத்து அந்த இளைஞரிடம் கொடுத்தார். தமக்குமுன் இன்னும் மத்தியதரைக் கடல் இருக்கிறது, தம் எஞ்சினும் பழுதாகலாம் என்பதை அறிந்தே கொடுத்தார். ஆஸ்பி பறந்து சென்று கராச்சியை அடைந்தார். டாட்டாவும் தம் பயணத்தை முடித்தார். ஆயினும் சில மணி நேர வேறுபாட்டில் பரிசு ஆஸ்பிக்கே போயிற்று. அதே ஆஸ்பி பிற்காலத்தில், 1960 முதல் 1964 வரை, இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதியாக விளங்கினார்.

இழந்த பரிசை எண்ணி டாட்டா ஓய்ந்துவிடவில்லை. 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகத் தபால் மூட்டைகளுடன் பம்பாய்க்குத் தாமே விமானம் ஓட்டி வந்தார். அகமதாபாத்தில் எரிபொருள் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்த காலம் அது! பம்பாயிலிருந்து அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டுவந்தார். இப்பணியே வளர்ந்து ஏர் இந்தியா ஆயிற்று. 1953-இல் அது அரசுடைமையான பின்னரும் 1978 வரை அவரே தலைவராக இருந்தார். பொன்விழா ஆண்டான 1982-இல், எழுபத்தெட்டு வயதில், அதே கராச்சி–பம்பாய் வழியில் மீண்டும் சிறு விமானம் ஓட்டிக் காட்டினார். 1992-இல் பாரத ரத்னா விருது பெற்ற அவர், 1993 நவம்பர் 29 அன்று ஜெனீவாவில் காலமானார்.

தனியே பறக்கத் துணிவு வேண்டும். அது பயிற்சியால் வந்துவிடும். பிறர் வெற்றிக்குத் தம் கைப்பொருளை ஈவதற்கோ அதனினும் பெரிய துணிவு வேண்டும். கடைவீதியிலும் கல்விக்கூடத்திலும் அலுவலகத்திலும் நமக்குப் போட்டியாளர்கள் இருக்கின்றனர். அவர்களுள் ஒருவர் இடையில் தடைபட்டு நிற்கும் வேளை வரும். அப்போது நம் பையில் இருப்பதை எடுத்துக் கொடுப்போமா? இந்தக் கேள்வியை இன்றிரவு நம் பிள்ளைகளுடன் அமர்ந்து பேசுவோமாக!