இயூஜின் சாண்டோ

இயூஜின் சாண்டோ (ஏப்ரல் 2, 1867 - அக்டோபர் 14, 1925) பிரசியாவில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த புகழ்பெற்ற பளுதூக்கு வீரரும் உடற்பயிற்சி ஆசிரியரும் ஆவார். இவரது இயற்பெயர் பிரீட்ரிக் வில்லெம் முல்லர். இவர் நவீன உடற்கட்டுக் கலையின் தந்தை எனக் கருதப்படுகிறார். உடல் எடையை விடத் தசைகளின் அளவொழுங்கும் இறுக்கமும் தெளிவுமே மேலானவை என்ற அளவுகோலை மேடையிலும் போட்டியிலும் நிலைநிறுத்தியவர்களுள் இவர் முதன்மையானவர்.

இளமைக் காலம்

சாண்டோ பிரசியாவின் கோனிக்ஸ்பர்க் நகரில் பிறந்தார். கட்டாய இராணுவ சேவையைத் தவிர்க்கும் பொருட்டு 1885 இல் நாட்டை விட்டு வெளியேறினார். பின்னர் பிரசல்ஸ் நகரில் பேராசிரியர் அட்டிலா என அறியப்பட்ட லூயிஸ் துர்லாக்கரிடம் பளுதூக்கும் பயிற்சி பெற்றார். இவரைத் தொழில்முறை வீரராக உருவாக்கியவர் அட்டிலாவே. 1889 இல் இலண்டனில் சாம்சன் என்ற வீரரின் அறைகூவலை ஏற்று மேடையில் அவரை வென்றார். இவ்வெற்றி இவரை ஒரே இரவில் புகழ்பெறச் செய்தது.

மேடை வாழ்க்கை

1893 இல் சாண்டோ ஐக்கிய அமெரிக்கா சென்றார். அவ்வாண்டு சிகாகோவில் உலகக் கண்காட்சி நடைபெற்றது. அங்கு இவரது நிகழ்ச்சிகளை நடத்திய புளோரன்ஸ் சீக்பெல்ட், இவர் தூக்கும் பளுவை விட இவரது உடலைப் பார்ப்பதிலேயே மக்கள் ஆர்வம் காட்டுவதைக் கண்டறிந்தார். எனவே தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கிக் காட்டும் காட்சி நிகழ்ச்சியில் முதன்மை பெற்றது. 1894 மார்ச்சில் தாமஸ் எடிசனின் படப்பிடிப்புக் கூடத்தில் இவரது தசைக்காட்சி படமாக்கப்பட்டது. இது திரைப்பட வரலாற்றின் மிகப் பழைய படங்களுள் ஒன்றாகும். அதே ஆண்டில் பிளாஞ்ச் புரூக்ஸ் என்பவரை மணந்தார். இவர்களுக்கு இரு மகள்கள் பிறந்தனர்.

எடையும் தசையும்

சாண்டோ வாழ்ந்த காலத்தில் வலிமை என்பது பருமனான உடலுடன் இணைத்தே எண்ணப்பட்டது. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு கனடாவின் லூயிஸ் சிர் (1863 - 1912) ஆவார். சாண்டோவும் சிரும் ஏறத்தாழ ஒரே உயரத்தினர். எனினும் சாண்டோவின் எடை சுமார் 80 கிலோகிராம் மட்டுமே; சிரின் எடையோ 130 கிலோகிராமுக்கும் மேல். பளு தூக்குவதில் சிரே வலிமை மிக்கவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் சாண்டோவின் உடலில் கொழுப்பு குறைவாக இருந்ததால் வயிறு, தோள், முதுகுத் தசைகள் தனித்தனியே புலப்பட்டன.

இவ்வேறுபாட்டை எடைபார்க்கும் கருவி காட்டாது. ஒரு லிட்டர் தசையின் எடை ஏறத்தாழ 1.06 கிலோகிராம்; அதே அளவு கொழுப்பின் எடை ஏறத்தாழ 0.9 கிலோகிராம். எனவே ஒரே உயரமும் எடையும் கொண்ட இருவர் முற்றிலும் வேறுபட்ட தோற்றம் கொண்டிருக்கலாம். தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு குறையும்போது எடை குறைந்தாலும் தசைகள் பெரியனவாகவே கண்ணுக்குத் தோன்றும்.

பண்டைய கிரேக்கச் சிலைகளின் அளவுவிகிதங்களையே சாண்டோ தம் இலக்காகக் கொண்டார். அச்சிலைகளைப் போல் உடலில் வெண்பொடி பூசி நின்று ஒளிப்படங்கள் எடுத்துக்கொண்டார்.

1901 ஆம் ஆண்டுப் போட்டி

செப்டம்பர் 14, 1901 அன்று இலண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் சாண்டோ நடத்திய போட்டியே உலகின் முதல் பெரிய ஆணழகன் போட்டியாகக் கருதப்படுகிறது. மாவட்ட அளவிலான தேர்வுகளில் வென்ற 60 பேர் இறுதிச் சுற்றில் பங்கேற்றனர். சிற்பி சார்லஸ் லாஸ், ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயில் ஆகியோர் நடுவர்களாக இருந்தனர். இறுதி முடிவு சாண்டோவிடம் இருந்தது.

போட்டியாளர்கள் பின்வரும் அடிப்படைகளில் மதிப்பிடப்பட்டனர்:

1. உடலின் பொதுவான வளர்ச்சி
2. வளர்ச்சியின் சமநிலை
3. தசைகளின் நிலையும் இறுக்கமும்
4. பொது உடல்நலம்
5. தோலின் நிலை

மிகப் பெரிய தசை உடையவர் என்பதற்காக மட்டும் எவருக்கும் பரிசு இல்லை என்பது இவ்விதிகளின் பொருளாகும். நாட்டிங்காம் நகரைச் சேர்ந்த வில்லியம் முர்ரே வெற்றி பெற்று, சாண்டோவின் உருவம் கொண்ட தங்கச் சிலையைப் பரிசாகப் பெற்றார்.

பயிற்சி நிலையங்களும் பயணங்களும்

1897 இல் இலண்டனில் உடற்பயிற்சி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1898 இல் உடற்பயிற்சிக்கான மாத இதழ் ஒன்றை வெளியிட்டார். எடை குறைந்த கைப்பளுக்களைக் கொண்டு, மனத்தைத் தசையில் குவித்துச் செய்யும் பயிற்சியைப் பொதுமக்களுக்குப் பரிந்துரைத்தார். எனினும் இவரது உடலே மிகுந்த பளுக்களைத் தூக்கி உருவானது என்பது இம்முறை மீது வைக்கப்படும் முக்கிய விமர்சனம் ஆகும்.

1904-1905 காலப்பகுதியில் இந்தியாவிலும் சுற்றுப்பயணம் செய்தார். இவரது பெயர் இந்தியாவில் பலசாலிகளுக்கான பட்டமாகவே மாறியது. தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவரின் பெயரில் உள்ள அடைமொழி இவ்வாறு வந்ததே.

இறுதிக் காலம்

1911 இல் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் இவரை அரச உடற்பயிற்சிப் பேராசிரியராக நியமித்தார். முதலாம் உலகப் போர்க் காலத்தில் இவரது கொக்கோ வணிகம் நலிவடைந்தது. அக்டோபர் 14, 1925 அன்று தமது 58 ஆவது வயதில் இலண்டனில் காலமானார். பட்னி வேல் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். மனைவியின் விருப்பப்படி கல்லறையில் பெயர் பொறிக்கப்படவில்லை. உலகமே உற்றுநோக்கிய உடல் கிடந்த இடத்தில் 2002 வரை பெயர்க்கல் இருக்கவில்லை.

தாக்கம்

1977 முதல் மிஸ்டர் ஒலிம்பியா போட்டியில் வெல்பவருக்குச் சாண்டோவின் உருவச்சிலை வழங்கப்படுகிறது. அவ்வாண்டு வென்ற பிராங்க் சேனின் எடை சுமார் 84 கிலோகிராம். சாண்டோவின் எடைக்கு மிக அருகில் உள்ளது. அதன் பின்னர் வெற்றியாளர்களின் எடை உயர்ந்துகொண்டே சென்றது. 2003 இல் வென்ற ரோனி கோல்மனின் எடை சுமார் 130 கிலோகிராம் ஆகும். எனினும் எடை மட்டுமே முடிவைத் தீர்மானிக்கவில்லை. 2008 இல் எடை குறைந்த டெக்ஸ்டர் ஜாக்சன், தசைத் தெளிவின் துணையால் நடப்பு வெற்றியாளர் ஜே கட்லரைத் தோற்கடித்தார். 2016 இல் உயரத்திற்கேற்ப எடைக்கு உச்சவரம்பு விதிக்கும் கிளாசிக் பிசிக் பிரிவு ஒலிம்பியாவில் சேர்க்கப்பட்டது. அளவொழுங்கிற்கு முதன்மை தரும் இப்பிரிவு, 1901 இல் சாண்டோ வகுத்த விதிகளுக்கு நெருக்கமானது.