சியூ யுவான்

சியூ யுவான் (ஏறத்தாழ கி.மு. 340 – கி.மு. 278) பண்டைய சீனாவின் சூ நாட்டைச் சேர்ந்த அமைச்சரும் கவிஞரும் ஆவார். பெயர் அறியப்பட்ட சீனக் கவிஞர்களுள் மிகப் பழமையானவர்களில் ஒருவர். சீன நாட்காட்டியின் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாளில் கொண்டாடப்படும் டிராகன் படகுத் திருவிழா இவரது நினைவுடன் தொடர்புடையது.

வாழ்க்கை

சூ அரச குடும்பத்தின் கிளையொன்றில் பிறந்த இவர், மன்னர் குவாயின் ஆட்சியில் உயர் பதவி வகித்தார். அக்காலத்தில் சீனா ஒன்றோடொன்று போரிடும் பல நாடுகளாகப் பிரிந்திருந்தது. மேற்கே வலிமை பெற்று வந்த சின் நாட்டை எதிர்க்க, கிழக்கிலுள்ள சீ நாட்டுடன் கூட்டுச் சேர வேண்டும் என்பது இவரது கொள்கை. பொறாமை கொண்ட அரசவையினர் அவதூறு கூறியதால் மன்னரின் நம்பிக்கையை இழந்தார். கி.மு. 299இல், இவரது எச்சரிக்கையைப் புறக்கணித்துச் சின் நாட்டிற்குச் சென்ற மன்னர் சிறைபிடிக்கப்பட்டு, கி.மு. 296இல் அங்கேயே இறந்தார். அடுத்த மன்னர் சியூ யுவானை யாங்சி ஆற்றுக்குத் தெற்கே நாடு கடத்தினார். கி.மு. 278இல் சூவின் தலைநகரான யிங், சின் படைகளிடம் வீழ்ந்தது. அதன்பின் இவர் இன்றைய ஹுனான் மாகாணத்தில் உள்ள மிலுவோ ஆற்றில் மூழ்கி உயிர் நீத்தார் என்பது மரபு.

படைப்புகள்

லி சாவ் என்னும் நெடும்பாடல் இவரது தலைசிறந்த படைப்பாகும். அரசனால் கைவிடப்பட்ட நேர்மையாளரின் துயரம் இதன் பொருள். இது சூ சி என்ற தொகுப்பில் இடம்பெற்றுள்ளது.

திருவிழாவும் குறியீடுகளும்

இவரது உடலைத் தேடி மக்கள் படகுகளில் விரைந்ததே படகுப் போட்டியாக மாறியது என்றும், மீன்கள் உடலைத் தின்னாதிருக்க ஆற்றில் இட்ட சோறே இலையில் பொதிந்து வேகவைக்கும் சோங்சி என்ற உணவாயிற்று என்றும் கூறுவர். ஆனால் இவரது வரலாற்றை முதன்முதலில் விரிவாக எழுதிய சிமா சியான் இவ்வழக்கங்களைக் குறிப்பிடவில்லை. சூசோ பகுதியில் இதே விழா வூ சிசூ என்ற மற்றோர் அமைச்சரின் நினைவாகக் கொண்டாடப்படுகிறது.

ஐந்தாம் மாதம் வெப்பமும் நோயும் பெருகும் தீய காலமாகக் கருதப்பட்டது. எனவே நோயை விரட்ட மாசிபத்திரியையும் வசம்பையும் வாயிலில் தொங்கவிடுவர். வசம்பின் நீண்ட இலை, தீமையை வெட்டும் வாளைக் குறிக்கும். குழந்தைகளின் மணிக்கட்டில் காப்பாக ஐந்நிற நூல் கட்டுவர். இவ்வாறு நோய் நீக்கும் பழைய சடங்குகளுடன் சியூ யுவானின் நினைவு பிற்காலத்தில் இணைந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

சூ நாடு கி.மு. 223இல் சின் நாட்டிடம் முற்றிலும் வீழ்ந்தது. அந்நாடு புறக்கணித்த அமைச்சரின் நினைவோ விழாவாக நிலைத்தது. 2009இல் யுனெசுகோ இவ்விழாவை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.