ஜார்ஜ் ஈஸ்ட்மன்

நம் இல்லங்களில் ஊரிலிருந்து கொணர்ந்த குடும்பப் படம் ஒன்றேனும் சுவரில் தொங்கும். படமெடுக்கும் கலையை எளியோர்க்கும் எட்டச் செய்தவர் ஜார்ஜ் ஈஸ்ட்மன். 1854-இல் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். இளமையிலேயே தந்தையார் மறைந்தார். தாயார் பிறர்க்கு உணவும் உறைவிடமும் அளித்துக் குடும்பத்தைக் காத்தார். மைந்தரோ 14-ஆம் வயதில் பள்ளியை விட்டுப் பணிக்குச் சென்றார்.

வங்கிக் கணக்கராயிருக்கையில் காமிராவிற் பித்துக் கொண்டார். அக்காலத்திலே கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் உலருமுன் படமெடுத்துக் கழுவியும் ஆகவேண்டும். கூடாரமும் குப்பிகளும் உடன் செல்லும். ஒரு படத்திற்கு ஒரு வண்டிச் சுமை என்றே சொல்லலாம்! இத்தொல்லை ஒழிய, பகலில் வங்கியில் உழைத்தவர் இரவில் தாயாரின் அடுக்களையில் உலர்தகடு செய்து பார்த்தார்.

1888-இல் கோடக் காமிரா வெளிவந்தது. விலை 25 டாலர். 100 படங்களுக்கான சுருள் உள்ளேயே இருந்தது. மூடி திறந்து மூடும் கணத்தில், வில்லை வழிப் புகும் ஒளி சுருளிலுள்ள வெள்ளி உப்பில் பதியும். சுருள் தீர்ந்ததும் பெட்டியையே ஆலைக்கு அனுப்பினால், படங்களை அச்சிட்டுப் புதுச் சுருளும் இட்டுத் தந்தனர். 1900-இல் வந்த பிரௌனியின் விலை ஒரே டாலர். சிறுவரும் படமெடுக்கலாயினர்.

மணம் புரியாத அவர், பெருஞ்செல்வத்தைக் கல்விக்கும் மருத்துவத்திற்கும் வாரி வழங்கினார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற்கு ஸ்மித் என்ற மறைபெயரில் ஈந்தார். இறுதியில் முதுகெலும்பு நோயால் நடக்கவும் இடர்ப்பட்டு நைந்து, 1932 மார்ச் 14 அன்று தம் முடிவைத் தாமே தேடிக்கொண்டார். அதனை எண்ணுகையில் நம் நெஞ்சம் கனக்கிறது.